ஃபீனிக்ஸ் வெளிச்சங்கள்: ஒரே இரவு, இரண்டு நிகழ்வுகள்

பறக்கும் தட்டு பற்றிய பேச்சில், "ஒருத்தர் ரெண்டு பேர் பார்த்திருந்தா பிரமைன்னு விட்டுடலாம், ஊரே பார்த்துச்சே, அதுக்கு என்ன சொல்றீங்க?" என்று கேட்பவர்கள் அடிக்கடி கைகாட்டும் இடம் அமெரிக்காவின் அரிசோனா மாநிலம். 1997 மார்ச் 13, வியாழக்கிழமை இரவு. நெவாடா எல்லையிலிருந்து டூசான் வரை வழிநெடுக மக்கள் வானத்தில் V வடிவில் வெளிச்சங்களைப் பார்த்தார்கள். அதே இரவு பத்து மணி சுமாருக்கு ஃபீனிக்ஸ் நகரின் தென்மேற்கே வெளிச்சங்கள் வரிசைகட்டி நின்றதைப் பலர் வீடியோ எடுத்தார்கள். பத்து ஆண்டு கழித்து, அப்போது ஆளுநராக இருந்தவரே "நானும் பார்த்தேன்" என்றார்.

அந்தச் சாட்சிகள் பொய் சொன்னார்கள் என்பது இந்த ஆய்வின் வாதம் அல்ல. வெளிச்சங்கள் இருந்தன, பார்த்ததாகச் சொன்னவர்கள் பார்த்தார்கள். கண் அளந்தது எவ்வளவு, மூளை ஊகித்துச் சேர்த்தது எவ்வளவு என்று பிரிப்பதுதான் வேலை. அமெச்சூர் வானியலில் பழகியவர்களுக்கு இது தினப்படி வேலை. ஒளி கூடிக் குறையும் வேரியபிள் நட்சத்திரத்தின் பொலிவைக் குறிக்கும்போதும் கண்டதையும் நினைத்ததையும் தனித்தனியாகத்தான் எழுதி வைக்கிறோம்.

அன்றைய வானம்

எந்தப் புகார் வந்தாலும் முதலில் அந்த நாளின் வானத்தை மீட்டெடுக்க வேண்டும். ஸ்டெல்லேரியம் என்ற வானவரைபடச் செயலியில் இடம் ஃபீனிக்ஸ் (வடக்கு 33.4°, மேற்கு 112.1°), தேதி, உள்ளூர் நேரம் கொடுத்தால் போதும். இங்கேயே ஒரு பள்ளம் இருக்கிறது. அரிசோனா உலக நேரத்தைவிட 7 மணி பின்தங்கியது. பக்கத்து நெவாடா அந்த மார்ச்சில் 8 மணி பின்தங்கியிருந்தது. லாஸ் வேகஸுக்கு அருகிலுள்ள ஹெண்டர்சனில் மாலை 6:55க்குப் பார்த்ததாக வந்த தகவல், அரிசோனா கடிகாரத்தில் 7:55. இதைத் திருத்தாமல் வரைபடத்தில் போட்டால் அந்தப் பொருள் நடுவில் எங்கோ ஒரு மணி நேரம் டீ குடிக்க நின்றதுபோல ஆகிவிடும்.

சூரியன் மறைந்தது ஆறரை மணி வாக்கில். எட்டு மணிக்கெல்லாம் முழு இருட்டு. அமாவாசை மார்ச் 9 என்பதால் இளம்பிறை மேற்கே இருந்தது. தெற்குப் பக்கம் ஓரியனும் சிரியஸும். மார்ச் 17 அன்று சூரியனுக்கு நேர் எதிரே வரவிருந்த செவ்வாய் கிழக்கே சிவப்பாக நன்றாகத் தெரிந்தது. வெள்ளி சூரியனுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்ததால் கண்ணில் படவே இல்லை. ஆக, பறக்கும் தட்டு என்றாலே "அது வெள்ளிக் கிரகம்" என்று சொல்லும் நம் வழக்கமான பதில் இங்கே செல்லாது. செவ்வாயும் ஆகாது; அது மாநிலத்தைக் குறுக்கே கடந்து தெற்கே போகாது. பிடித்தமான விளக்கத்தை முதலில் தானே அடித்துப் பார்ப்பது சந்தேகவாதிக்கும் கட்டாயம்தான்.

வடமேற்கே ஹேல்-பாப் வால்மீன், இரண்டு வால்களோடு, நகர வெளிச்சத்திலும் தெரியுமளவுக்கு. வழக்கமாக வீட்டுக்குள் டிவி பார்க்கும் மக்கள் அந்த வாரம் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாட்சிகள் இத்தனை பேர் சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

எட்டு மணி ஊர்வலம்

முதல் நிகழ்வின் தடம் தெளிவானது. ஹெண்டர்சனுக்குப் பிறகு பால்டனில் 8:15 வாக்கில், பிரெஸ்காட்டில் 8:17, ஃபீனிக்ஸில் எட்டரை, டூசானில் எட்டே முக்கால். பெரும்பாலோர் ஐந்து வெளிச்சம் என்றார்கள், கூடுதலாகச் சொன்னவர்களும் உண்டு. வடமேற்கிலிருந்து தென்கிழக்கு நோக்கி, சத்தமில்லாமல், மெதுவாக.

அந்த "மெதுவாக" என்பதை இப்போதே கணக்குப் போட்டுவிடலாம். பிரெஸ்காட்டிலிருந்து டூசான் நேர்கோட்டில் ஏறத்தாழ 290 கி.மீ. 28 நிமிடத்தில் கடந்தால் மணிக்கு சுமார் 620 கி.மீ. சாட்சிகளின் கடிகாரத்தில் ஐந்து நிமிடம் முன்பின் பிழை இருந்தாலும் 530க்கும் 760க்கும் இடையில்தான் வரும். மிதக்கும் வேகமல்ல இது, ஜெட் விமானம் சாதாரணமாகப் போகும் வேகம். ஒவ்வொரு ஊர்க்காரரும் தனித்தனியாக "நடந்து போகிற வேகம்" என்று சொல்லியிருக்கலாம். ஊர்களைக் கோத்தால் வருவது ஜெட் வேகம்.

இரண்டும் எப்படி ஒரே சமயத்தில் உண்மையாகும்? கண்ணுக்குத் தூரம் தெரியாது. இருட்டில், அளவு தெரியாத ஒரு வெளிச்சத்தைப் பார்க்கும்போது கண் தருவது கோணம் மட்டுமே: எத்தனை பாகை அகலம், நொடிக்கு எத்தனை பாகை நகர்வு. மீட்டரும் கிலோமீட்டரும் அதற்குப் பிறகு மூளை போடும் ஊகம்.

எண்களை வைத்துப் பார்ப்போம். கூட்டம் 6 கி.மீ. உயரத்தில், நொடிக்கு 175 மீட்டர் வேகத்தில் (மணிக்கு 630 கி.மீ.) நேர் தலைக்கு மேல் போகிறது என்று வையுங்கள். உச்சியில் அதன் கோண வேகம் நொடிக்கு சுமார் 1.7°. 45° உயரத்தில் ஏறி எதிர்ப்பக்கம் 45°க்கு இறங்க 12 கி.மீ. கடக்க வேண்டும், கிட்டத்தட்ட 70 நொடி ஆகும். இப்போது கீழே நிற்பவர், "கூரைக்குக் கொஞ்சம் மேலே, ஆயிரம் அடி இருக்கும்" என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டார். 300 மீட்டர் உயரத்தில் நொடிக்கு 1.7° என்றால் நொடிக்கு 9 மீட்டருக்கும் குறைவு. மணிக்கு 31 கி.மீ.! மொபெட் போகிற வேகம். "எந்த விமானமும் இவ்வளவு மெதுவாகப் பறக்க முடியாது, விழுந்துவிடும்" என்று அவர் சொல்வது அவருடைய கணக்கில் நூற்றுக்கு நூறு சரி. பிழை ஒரே ஒரு இடத்தில்தான், அந்த ஆயிரம் அடியில்.

சத்தமும் இதே வழியில் போகிறது. 6 கி.மீ. தூரத்திலிருந்து ஒலி வந்துசேர 18, 19 நொடி ஆகும். அதற்குள் விமானம் 3 கி.மீ.க்கு மேல் முன்னால் போயிருக்கும். நகர இரைச்சலுக்கு நடுவே, பின்னாலிருந்து வரும் மெல்லிய உறுமலை யாரும் முன்னால் போகும் வெளிச்சத்தோடு சேர்ப்பதில்லை.

பத்து அங்குல ஆடி

இத்தனை பேர் பார்த்த அந்த ஊர்வலத்தைத் தொலைநோக்கியில் பார்த்தவர் ஒருவர் இருந்தார். ஃபீனிக்ஸை ஒட்டிய ஸ்காட்ஸ்டேலில், தன் வீட்டு முற்றத்தில் 10 அங்குல டாப்சோனியனோடு (கையால் தள்ளித் திருப்பும் ஆடித் தொலைநோக்கி) நின்ற 21 வயது அமெச்சூர் வானியலாளர். வெளிச்சங்கள் வந்தபோது கருவியைத் திருப்பி 60 மடங்கு பெருக்கத்தில் பார்த்தார். வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்த ஒவ்வொரு வெளிச்சமும் இரண்டாகப் பிரிந்தது. விளக்குகள் சதுர வாக்கிலான இறக்கைகளில் இருந்தன. பக்கத்தில் நின்ற அம்மாவிடம் அவை விமானங்கள் என்று சொல்லிவிட்டு, வேறு பொருள்களைப் பார்க்கப் போய்விட்டார். அவரைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது.

இந்தச் சாட்சியத்தை மற்றவற்றோடு ஒரே தராசில் வைக்கக் கூடாது. 254 மி.மீ. ஆடி, 7 மி.மீ. விரிந்த கண்மணியைவிட 1,300 மடங்கு ஒளி திரட்டும். ஆனால் இங்கே உதவியது ஒளி அல்ல, பிரிதிறன். ஒரு விமானத்தின் இரண்டு விளக்குகளுக்கு இடையே 6 மீட்டர் என்று கொண்டால், 6 கி.மீ. தூரத்தில் அந்த இடைவெளி 3.4 கலை (ஒரு பாகைக்கு 60 கலை). லைரா மண்டலத்தின் எப்சிலான் இரட்டை விண்மீனைப் பிரிக்க முயன்றவர்களுக்கு இந்த எண் பழக்கமானது. அதன் இரண்டு விண்மீன்களுக்கு இடையே ஏறத்தாழ 3.5 கலை, கூர்மையான கண் உள்ளவர்கள்தான் வெறுங்கண்ணில் பிரிப்பார்கள், மற்றவர்களுக்கு ஒரே புள்ளி. கண்கூசும் விளக்கென்றால் அதுவும் முடியாது. 60 மடங்கில் அதே இடைவெளி 3.4 பாகையாக விரியும், ஏழு முழுநிலவுகளை வரிசையாக அடுக்கிய அகலம். அதைத் தவறவிட முடியாது.

"ஓடும் விமானத்தை டாப்சோனியனில் பிடிக்கவே முடியாது" என்ற ஆட்சேபம் உண்டு. பாதி சரி. 60 மடங்கில், சாதாரண 50° கண்ணருகு வில்லையோடு, உண்மைப் பார்வைப் புலம் 0.8° மட்டுமே. உச்சியில் நொடிக்கு 1.7° ஓடும் பொருள் அரை நொடியில் வெளியே போய்விடும். டாப்சோனியனை உச்சியில் திருப்புவதே சிரமம். ஆனால் கூட்டம் 30° உயரத்தில் வரும்போது தூரம் 12 கி.மீ. ஆகிறது, கோண வேகம் நொடிக்கு 0.4° ஆகக் குறைகிறது. கண்டுபிடிப்பானில் (குறிபார்க்கக் குழாயின் மேல் பொருத்திய சிறு கருவி) பிடித்து, குழாயின் வாயில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே பின்தொடரலாம். சர்வதேச விண்வெளி நிலையம் உச்சியில் நொடிக்கு 1° அளவில் ஓடுகிறது. அதையே கையால் தள்ளிப் பின்தொடர்ந்து படமெடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

அந்த இளைஞர் சொன்னதை முதலில் யாரும் காதில் வாங்கவில்லை. நகர மன்ற உறுப்பினர் ஒருவரிடமும் வெளிச்சங்களை ஆராய்ந்துகொண்டிருந்தவர்களிடமும் சொல்ல முயன்றார், திரும்ப அழைப்பு வரவில்லை. ஜூன் மாதம் ஒரு உள்ளூர் வார இதழ் எழுதிய பிறகுதான் வெளியே தெரிந்தது. அவை எந்தத் தளத்தின் எந்த ரக விமானங்கள் என்பதில் இன்றும் பல கருத்துகள் உண்டு. ஆனால் அது வேறு கேள்வி. தெருவில் போன காரின் நம்பர் தெரியவில்லை என்பதால் அது கார் இல்லை என்று ஆகாது.

நடுவில் இருந்த கறுப்பு

"வெளிச்சம் மட்டும் இல்லை, நடுவில் பிரம்மாண்டமான கறுப்பு உடம்பு இருந்தது, விண்மீன்களை மறைத்தது" என்றார்கள் பலர். "விளக்குகளுக்கு நடுவே விண்மீன் தெரிந்தது" என்றவர்களும் இருந்தார்கள். இரண்டும் ஒரே பொருளுக்குப் பொருந்தாது.

இதற்கு மிகச் சிறந்த பரிசோதனை முன்பே நடந்திருந்தது, யாரும் திட்டமிடாமல். 1968 மார்ச் 3 இரவு, சோவியத் சோண்ட் 4 விண்கலத்தை ஏவிய ராக்கெட்டின் மிச்சம் அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களுக்கு மேல் காற்றில் நுழைந்து எரிந்தது. வானில் உண்மையில் இருந்தது என்ன என்று சந்தேகமே இல்லை: தனித்தனியாக எரிந்துபோகும் துண்டுகள், ஒன்றன்பின் ஒன்றாக. சாட்சிகளில் சிலர் அதைச் சுருட்டு வடிவக் கலம் என்றார்கள், சதுர ஜன்னல்கள் வரிசையாக இருந்தன என்றார்கள். இந்த அறிக்கைகளை ஆராய்ந்த கோள் வானியலாளர் வில்லியம் ஹார்ட்மன் இதற்கு 'ஆகாயக்கப்பல் விளைவு' என்று பெயர் வைத்தார். சில வெளிச்சப் புள்ளிகள் சேர்ந்து நகர்ந்தால், மூளை அவற்றுக்குப் பின்னால் ஓர் உடம்பைப் பூட்டிவிடும். கவனிக்க வேண்டியது, அதே நிகழ்வைப் பார்த்த மற்றவர்கள் துண்டுகளைத் துண்டுகளாகவே வர்ணித்திருந்தார்கள். கூட்டத்தில் சரியாகப் பார்த்தவர் எப்போதும் இருப்பார். கதை பரவும்போது ஜன்னலை எண்ணியவர்தான் முன்னால் வருவார்.

ஃபீனிக்ஸுக்கு மூன்று மாதம் முன்பு, 1996 டிசம்பர் 11 அன்று, கனடாவின் யூகானிலும் இதுவே நடந்தது. நெடுஞ்சாலையோரம் பலர் ராட்சதத் தாய்க்கப்பலைப் பார்த்தார்கள். பல ஆண்டுகள் கழித்து, டொரண்டோவைச் சேர்ந்த அமெச்சூர் செயற்கைக்கோள் நோக்கர் டெட் மோல்சன், அந்த நேரமும் பாதையும் ரஷ்யச் செயற்கைக்கோள் காஸ்மாஸ் 2335ஐ ஏவிய ராக்கெட்டின் இரண்டாம் நிலை திரும்பி விழுந்த தடத்தோடு பொருந்துவதைக் காட்டினார்.

திட உடம்பா, தனித்தனி விளக்குகளா என்று சோதிக்க ஒரு நேரடி வழி இருக்கிறது. V வடிவின் கோணங்கள் மாறுகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஃபீனிக்ஸ் எட்டரை மணிக் கூட்டத்தை எடுத்த வீடியோ ஒன்றில் விளக்குகளின் இடைவெளி ஒன்றுக்கொன்று மாறுகிறது. இறக்கையில் ஆணியடித்த விளக்கு அப்படி நகராது. அணிவகுத்துப் பறக்கும் விமானிகள் தங்கள் இடத்தைச் சரிசெய்துகொள்ளும்போது அப்படித்தான் நகரும்.

பத்து மணி

இப்போது இரண்டாவது நிகழ்வு. இரவு பத்து மணி வாக்கில் நகரத்தின் தென்மேற்கே, தாழ்வாக, வெளிச்சங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றி வளைந்த வரிசையாக நின்று, பிறகு ஒவ்வொன்றாக அணைந்தன. உலகம் முழுக்க டிவியில் ஓடியது இந்தக் காட்சிதான்.

இதன் விளக்கம் 1997 ஜூலையில் வந்தது. மேரிலாந்து வான் தேசியக் காவல் படையின் ஏ-10 விமானங்கள் குளிர்காலப் பயிற்சிக்காக டூசானிலுள்ள டேவிஸ்-மாந்தன் தளத்துக்கு வந்திருந்தன. வடக்கே பனிகொட்டும் மாநிலங்களின் படைகள் தெற்கே வந்து பயிலும் அந்தத் திட்டத்துக்கு ஆபரேஷன் ஸ்னோபேர்ட் என்று பெயர். அன்றிரவு அவை பேரி கோல்ட்வாட்டர் பயிற்சிக் களத்துக்கு மேல் எல்யுயு-2 ரக ஃப்ளேர்களைப் போட்டன. அந்த அணியில் பறந்த விமானி ஒருவரும் 2007இல் இதை உறுதிசெய்தார்.

ஃப்ளேர் என்றதும் தீபாவளி வாணம் மாதிரி நினைத்துவிடக் கூடாது. இது முக்கால் ஆள் உயரமும் இல்லாத, 90 செ.மீ. நீளக் குழாய், எடை ஏறத்தாழ 13 கிலோ, உள்ளே மக்னீசியக் கலவை, மேலே பாராசூட். நான்கைந்து நிமிடம் எரியும். ஒளிச்செறிவு 18 லட்சம் கேண்டெலா. பயிற்சிக் களம் கிலா பெண்ட் ஊருக்குத் தெற்கே, ஃபீனிக்ஸிலிருந்து நூறு கி.மீ.க்கு மேல். அவ்வளவு தூரத்தில் இதெல்லாம் தெரியுமா?

தெரியும். 110 கி.மீ. என்று வைத்து, 18 லட்சத்தை மீட்டரில் உள்ள தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 0.00015 லக்ஸ் வருகிறது. வானியலின் பொலிவெண்ணாக (எண் குறையக் குறையப் பொலிவு கூடும்) மாற்றினால் −4.6. வெள்ளிக் கிரகம் உச்சப் பொலிவில் இருப்பது இந்த அளவில்தான். அடிவானத்தை ஒட்டிய தடித்த காற்று ஒன்றிரண்டு பொலிவெண்ணை விழுங்கினாலும் வியாழனைப்போல மின்னும். அப்படிப்பட்ட ஒன்பது புள்ளிகள் வரிசையாக நின்றால் ஊர் திரும்பிப் பார்க்காமல் என்ன செய்யும்?

"ஃப்ளேர் கீழே விழ வேண்டுமே, இவை அசையாமல் நின்றன" என்பது அடுத்த ஆட்சேபம். பாராசூட்டில் சராசரி இறங்கு வேகம் நொடிக்கு 2.5 மீட்டர், எரியும் சூடு பாராசூட்டுக்குள் காற்றை நிரப்பித் தாங்குவதும் உண்டு. ஐந்து நிமிடத்தில் இறங்குவது 750 மீட்டர். 110 கி.மீ. தூரத்தில் அது 0.4°, முழுநிலவின் அகலத்தைவிடக் குறைவு. கையில் பிடித்த கேம்கார்டர் ஆடும் ஆட்டத்தில் அந்த 0.4° கரைந்தே போகும். எல்லா ஃப்ளேரும் ஒரே காற்றில் மிதப்பதால் வரிசையும் குலையாது.

அணைந்த விதம்தான் இன்னும் அழகான சான்று. ஃபீனிக்ஸுக்கும் பயிற்சிக் களத்துக்கும் நடுவே சியரா எஸ்ட்ரெல்லா மலைத்தொடர் நிற்கிறது. சிகரம் 1,375 மீட்டர். நகர மையத்திலிருந்து பார்த்தால் அதிகபட்சம் 2° உயரம். இரவு வீடியோவில் மலை தெரியாது, கறுப்போடு கறுப்பாக இருக்கும். அதனால் "வெளிச்சம் மலைக்கு இந்தப் பக்கம், ஊருக்கு மேலேயே நின்றது" என்று சொல்ல முடிந்தது. அதே இடத்திலிருந்து பகலில் எடுத்த படத்தை அதே அளவுக்குக் கொண்டுவந்து இரவுக் காட்சியின் மேல் பொருத்தினால், ஒவ்வொரு வெளிச்சமும் மறையும் புள்ளி மலை முகட்டுக் கோட்டில் விழுகிறது. முகடு உயர்ந்த இடத்தில் முன்னதாக, தாழ்ந்த இடத்தில் பிந்தி.

இந்தப் பொருத்தல் வேலையில் கை நழுவுவது எளிது. கேமரா பத்து மீட்டர் தள்ளி நின்றால்கூட அருகிலுள்ள கூரை, மரம் எல்லாம் இடம் மாறும். ஜூம் அளவு ஒன்றாக இல்லாவிட்டால் முகடு மேலோ கீழோ போய்விடும். பத்து மணிக் காட்சியிலேயே தெரியும் நகர விளக்குகள் இரண்டை இரவிலும் பகலிலும் அடையாளம் கண்டு, அவற்றுக்கு இடையிலான தூரத்தை வைத்து அளவை நிர்ணயிக்க வேண்டும். ஒரு புள்ளி போதாது. ஒன்றை மட்டும் பிடித்தால் படத்தை எப்படி வேண்டுமானாலும் நீட்டலாம்.

ஒட்டுவேலை

பிறகு ஏன் இது தீராத மர்மமாக நீடித்தது? எட்டரை மணிச் சாட்சியின் பேச்சுக்குப் பின்னணியாக டிவியில் பத்து மணி வீடியோவை ஓட்டினார்கள். பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றானது. "ஃப்ளேர்" என்ற விளக்கம் வந்தபோது எட்டரை மணிச் சாட்சிகள் கோபப்பட்டார்கள்: என் தலைக்கு மேல் மாநிலத்தின் குறுக்கே போனதைப் பாராசூட் விளக்கு என்கிறீர்களா? அவர்கள் கோபம் நியாயம். ஃப்ளேர் விளக்கம் அவர்கள் பார்த்ததற்கான பதிலே அல்ல. ஒரு கேள்வியின் விடையை இன்னொன்றுக்கு எழுதியதால் இரண்டு விடையும் தப்பாகத் தெரிந்தன.

அதிகாரிகளும் உதவவில்லை. நகரத்துக்குப் பக்கத்திலுள்ள லூக் விமானப்படைத் தளத்தைக் கேட்டார்கள். எங்கள் விமானம் எதுவும் இல்லை என்றது. அவர்கள் வரையில் அது உண்மையாகவே இருக்கலாம். விருந்தாளிப் படை தங்கியிருந்தது டூசானில். சரியான வாசலைத் தட்ட நான்கு மாதம் ஆனது. அதற்குள், ஜூன் 18 அன்று யுஎஸ்ஏ டுடே நாளிதழ் முதல் பக்கத்தில் போட்டு நாடு முழுக்கப் பரவியது. மறுநாள் ஆளுநர் ஃபைஃப் சைமிங்டன் செய்தியாளர்களைக் கூட்டி, "குற்றவாளியைப் பிடித்துவிட்டோம்" என்ற பாவனையில் வேற்றுக்கிரகவாசி வேடமிட்ட உதவியாளரை மேடையேற்றினார். சிரித்து மழுப்பியது சாட்சிகளைத்தான் காயப்படுத்தியது, ஐயத்தைத் தீர்க்கவில்லை. அதே சைமிங்டன்தான் 2007இல் தானும் பார்த்ததாகச் சொன்னவர். முன்னாள் விமானப்படை அதிகாரி என்பதால் அவர் வாக்குக்குக் கூடுதல் எடை தருகிறார்கள். ஆனால் பத்தாண்டு பழைய நினைவுக்குப் பதவி எடை சேர்க்காது. தூரத்தை ஊகிப்பதில் விமானியின் கண்ணும் இருட்டில் நம் கண்ணைப் போன்றதுதான்.

நம் பக்கத்திலும் இதற்கு ஓர் இணை உண்டு. 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை லடாக்கில் பாங்கோங் ஏரிப் பகுதியில் இந்திய ராணுவம் எல்லையில் 329 முறை ஒளிப்பொருள்களைப் பதிவு செய்தது. சீன வேவு விமானம் என்ற சந்தேகம். பெங்களூரிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தாரை அழைத்துப் பார்க்கச் சொன்னபோது, அவை வியாழனும் வெள்ளியும் என்று தெரிந்தது. காவலிருந்தவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்ல, நேரத்தையும் திசையையும் விடாமல் குறித்தவர்கள். அப்படிக் குறித்ததால்தான் கிரகங்களோடு ஒப்பிடவே முடிந்தது.

புகார் வந்தால்

இப்போது யாராவது இப்படி ஒன்றைச் சொல்லி வந்தால் எங்கிருந்து தொடங்குவது? "எவ்வளவு பெரிது, எவ்வளவு உயரம்?" என்று மீட்டரில் கேட்பதுதான் வழக்கமான தப்பு. கேட்டால் ஒரு எண் வரும்; அந்த எண் பிறகு சாட்சியமாகிவிடும். கையை நீட்டி முஷ்டியைப் பிடித்துக் காட்டச் சொல்ல வேண்டும். நீட்டிய கையில் முஷ்டி 10°, சுண்டுவிரல் நகம் 1°, விரித்த சாண் 20° அளவில். உயரத்தையும் வாயால் சொல்ல விடாமல் விரலால் சுட்டச் சொல்லி, போன் கிளைனோமீட்டரை (சாய்வுக் கோணம் காட்டும் செயலி) அந்தக் கையோடு ஒட்டி அளக்கலாம். "பாதி வானம்" என்று சொல்பவர் சுட்டுவது பெரும்பாலும் 30°க்குக் கீழேதான் இருக்கும்.

மறுநாள் பகலில் அதே இடத்தில் நிறுத்தி, எந்தக் கம்பத்துக்கு, எந்த மாடிக்கு மேல் என்று படமெடுத்துக்கொள்வது எல்லாவற்றையும்விடப் பயன் தரும். காருக்குப் பக்கத்திலோ இரும்புக் கிராதியிலோ நின்று போன் காம்பஸைப் பார்த்தால் திசை பத்து, இருபது பாகை பிசகும். வரைபடத்தில் இரண்டு கட்டடங்களை இணைத்துத் திசை எடுப்பது நல்லது. நேரத்துக்கு நினைவை நம்ப வேண்டாம். உடனே யாருக்காவது போன் செய்திருந்தால் அழைப்புப் பட்டியலில் நிமிடம் வரை இருக்கும்.

ஐந்து கி.மீ. இடைவெளியில் இரண்டு சாட்சிகள் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஒரே நொடியில் இருவரும் பார்த்த திசை 45° வித்தியாசப்பட்டால் பொருள் 6 கி.மீ. தூரத்தில், 5° மட்டுமே என்றால் 57 கி.மீ.; வித்தியாசமே தெரியாவிட்டால் மிகத் தொலைவு, பெரும்பாலும் கிரகமோ செயற்கைக்கோளோ. ஃபீனிக்ஸில் இதை மறுநாளே செய்திருந்தால் பத்து மணி வெளிச்சம் மலைக்கு அப்பால் என்பது வாரத்துக்குள் முடிந்திருக்கும்.

செயற்கைக்கோளைத் தேடும்போது அந்தத் தேதிக்கு உரிய சுற்றுப்பாதைத் தரவு வேண்டும். இன்றைய தரவைப் போட்டுப் பழைய தேதிக்கு ஓடவிட்டால் செயலி தயங்காமல் ஒரு விடை தரும், அது தப்பாக இருக்கும். விமானத் தடச் செயலியில் எதுவும் இல்லை என்பதும் "விமானம் இல்லை" என்று பொருள்படாது. ராணுவ விமானங்கள் அதில் தெரியாமலே பறக்கலாம். லூக் தளத்தின் மறுப்பைப் போன்றதுதான் அதுவும். 2019 மே மாதம் முதல் ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள் கூட்டங்கள் வேறு வந்துவிட்டன. ஏவிய முதல் சில நாட்களில் அந்தி முடிந்த நேரத்தில் ரயில்பெட்டிபோல வரிசையாகப் போய், பூமியின் நிழலில் நுழையும் அதே புள்ளியில் ஒவ்வொன்றாக மங்கும்.

போன் வீடியோவில் வரும் வைர வடிவம், முக்கோணம், துடிக்கும் வட்டம் எல்லாவற்றையும் முதலில் ஓரமாக வையுங்கள். குவியம் தவறிய புள்ளி ஒளி லென்ஸ் திறப்பின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். அதே போனில், அதே ஜூமில், தூரத்துத் தெருவிளக்கை எடுத்துப் பார்த்தால் அதே வைரம் அங்கேயும் நிற்கும்.

2008 ஏப்ரல் 21 அன்று ஃபீனிக்ஸ் வானத்தில் மறுபடியும் வெளிச்சங்கள். நான்கு சிவப்புப் புள்ளிகள், சதுரமாக இருந்து முக்கோணமாக மாறின, மெதுவாக நகர்ந்தன. பழைய நினைவில் ஊர் பரபரத்தது. இந்த முறை எல்லோருமே சொன்ன முதல் விவரம் வடிவம் மாறியது என்பதுதான். அதிலேயே திடமான ஒரே கலம் என்ற பேச்சு அடிபட்டுப் போனது. ஒன்றோடொன்று பிணைப்பில்லாத, காற்றின் போக்கில் போகும் நான்கு பொருள்கள்தான் மிச்சம். சீக்கிரமே ஒருவர் ஒப்புக்கொண்டார்: சாலையில் விபத்து நடந்தால் எரித்து வைக்கும் சிவப்பு ஃப்ளேர்களை ஹீலியம் பலூன்களில் கட்டிக் கொல்லைப்புறத்திலிருந்து விட்டிருக்கிறார்.